‘உன் இன்ஸ்பிரேஷன் என்ன?’ என்று கேட்கும் நுண்கலை ஆசிரியர்களுக்கு

தமிழ்நாட்டு நுண்கலைக் கல்லூரிகளில் ஓவியமும் சிற்பமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

காஞ்சிபுரத்துப் பக்கம் பட்டு நெசவு செய்யும் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டுக் கூடம் தறிக்கு. தறி போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் சாப்பாடு, படிப்பு, படுக்கை எல்லாம். படித்தது நுண்கலை, ஓவியப் பிரிவு. இன்றைக்கு என் வேலை முழுக்கத் துணியிலும் நூலிலும்தான். தைக்கிறேன், முடிச்சுப் போடுகிறேன், பிரிக்கிறேன், மறுபடி கட்டுகிறேன். இந்த மடலை உங்களுக்கு எழுத வேண்டும் என்பது ஆறேழு வருட நினைப்பு.

இறுதியாண்டுத் தேர்வில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு முடிந்ததும் பழைய இழைகளின் நுனியை அப்படியே, இழைகளைப் பிரித்துத் தூக்கும் விழுதிலும் நெய்ததை அடித்துச் சேர்க்கும் அச்சிலும் விட்டுவைப்பார்கள். அந்த நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். எங்கள் தெருவில் இது பெண்கள் வேலை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கான இழைகள். எழுந்திருக்கும்போது பொழுது போயிருக்கும். இத்தனை பாடுபட்டுப் பிணைத்த அந்தப் பகுதி புடவையில் வரவே வராது. பிணைப்பெல்லாம் அச்சைத் தாண்டி முன்னால் வந்ததும் அதை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் நெசவு. வெட்டிப் போட்ட அந்த நுனிகளை இரண்டு வருடம் தெருவெங்கும் கேட்டு வாங்கிச் சாக்கில் சேர்த்தேன். தேர்வுக்கு அதைத்தான் கூரையிலிருந்து தொங்கவிட்டேன். அம்மா போடும் அதே முறுக்கால் ஒன்றோடொன்று பிணைத்து, ஒரு ஆள் உள்ளே நுழைந்து நிற்கிற மாதிரி.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கையால் தடவிக்கூடப் பார்த்தார். “உன் இன்ஸ்பிரேஷன் என்னம்மா?” என்றார். “எங்க அம்மா பாவு பிணைக்கிறது சார்” என்றேன். அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். “அது சரி, அது உங்க வீட்டுத் தொழில். எந்த ஆர்ட்டிஸ்டைப் பார்த்து இதைச் செஞ்சே?” எனக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை. நான்கு வருடப் பாடத்தில் நூலை எடுத்து வேலை செய்த ஒரு கலைஞரின் பெயர்கூட என் காதில் விழுந்ததில்லை. “கைவேலை நல்லா இருக்கு. டெக்ஸ்டைல் பக்கம் போயிருக்கலாமே” என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன். பொறுமையாகக் கேட்க வேண்டும்.

முதலில் ஆனி ஆல்பர்ஸ். 1899-இல் பெர்லினில் பிறந்தவர். 1922-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். புதுமைக்குப் பேர்போன அந்தப் பள்ளியிலேயே பெண்களை நெசவுப் பட்டறைப் பக்கம்தான் தள்ளினார்கள். அவரும் விரும்பித் தறிக்கு வந்தவர் இல்லை. வந்த பிறகு விடவில்லை. 1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் பள்ளி மூடப்பட்டது. அவரும் கணவர் யோசப் ஆல்பர்ஸும் அமெரிக்கா போய் பிளாக் மவுண்டன் கல்லூரியில் கற்பித்தார்கள். அங்கிருந்து மெக்சிகோவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் திரும்பத் திரும்பப் பயணம். ஆண்டிஸ் மலைநாட்டின் பழந்துணிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், அவற்றின் கட்டமைப்பைப் பார்த்துப் படித்தார். 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அதுதான் முதல் முறை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. நெசவைப் பற்றி அவர் எழுதி 1965-இல் வெளிவந்த நூலின் காணிக்கைப் பக்கத்தில் பௌஹவுஸ் ஆசான்கள் யாருடைய பெயரும் இல்லை. பண்டைய பெரு நாட்டின் நெசவாளர்களே தன் பெரும் ஆசிரியர்கள் என்று எழுதி, அவர்களுக்கே காணிக்கை ஆக்கினார். அவர்களில் ஒருவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அவர்கள் விட்டுப்போனது எழுத்தும் இல்லை, துணி மட்டும்தான். அதைப் பார்த்தே ஒருவர் பாடம் கேட்டுக்கொண்டு, “இவர்கள் என் ஆசிரியர்கள்” என்று அச்சில் போட்டார். “எந்த ஆர்ட்டிஸ்டைப் பார்த்து?” என்ற கேள்விக்கு ஆனி ஆல்பர்ஸ் சொன்ன பதில் அது. என் பதிலும் அதேதான், சார். என் நெசவாளரின் பெயர் எனக்குத் தெரியும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த 1965, 66-இல்தான் நியூயார்க்கின் யூத அருங்காட்சியகம் கேட்டு, கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களின் நினைவாக ஆறு நெசவுகளைச் செய்தார். பருத்தி, லினன், நார், வெள்ளி இழை. ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருக்கும் ஆறு துணிகள். உருவம் ஏதும் கிடையாது. எழுத்தைப் போல ஓடி, படிக்க முடியாமல் போகிற ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அதன் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எங்கள் வீட்டில் ஜரிகை ஓடுகிற ஓட்டம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஜரிகை என்றால் கல்யாணம், பகட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். துக்கத்துக்கும் அது வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்தவர் எல் அனாட்சுய். இவர் கதை ஆசிரியர்களாகிய உங்களுக்கென்றே இருக்கிறது. கானா நாட்டில் அன்யாகோ என்ற ஊரில் 1944-இல் பிறந்தார். அப்பாவும் அண்ணன்களும் கெந்தே துணி நெய்தவர்கள். குறுகலான பட்டைகளாக நெய்து, பிறகு பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைப்பது கெந்தே. ஆனால் இவர் வளர்ந்தது பாதிரியாரான மாமா வீட்டில், அதனால் தறி கைக்கு வரவில்லை. குமாசியில் கலைக்கல்லூரியில் சேர்ந்தார். பாடம் முழுக்க ஐரோப்பாவாக இருந்தது. என்ன செய்தார் என்றால், கல்லூரிக்கு வெளியே அந்த ஊரின் பண்பாட்டு மையத்துக்குப் போய், அங்கே வேலை செய்த நெசவாளர்களிடமும் செதுக்குபவர்களிடமும் முரசு செய்பவர்களிடமும் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். பாதிப் படிப்பு வகுப்பறைக்கு வெளியே நடந்தது.

பிறகு நைஜீரியாவில் என்சுக்கா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். 1998-இல் ஒருநாள் வழியில் ஒரு பை நிறைய மதுப்புட்டி மூடிகள் கிடந்தன. எடுத்துவந்து தட்டிப் பரப்பி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்கத் தொடங்கினார். ஆயிரமாயிரம் மூடிகள் சேர்ந்து சுவரளவு துணியாகத் தொங்குகின்றன. உலோகம்தான், ஆனால் மடிகிறது, சுருங்குகிறது, ஒவ்வொரு இடத்திலும் வேறு மாதிரி தொங்கவிடலாம். மதுவைக் கொடுத்து மனிதர்களை வாங்கிப் போன அடிமை வணிகத்தின் வரலாறும் அந்த மூடிகளில் இருக்கிறது. 2015-இல் வெனிஸ் பைனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதைக் கொடுத்தது. தறியில் உட்காராத அந்தப் பிள்ளையின் கையில் ஐம்பது வயதுக்குமேல் அப்பாவின் கெந்தே வந்து சேர்ந்தது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

போலந்தின் மக்தலேனா அபகனோவிச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-களில், பெரிய வேலை செய்ய வீட்டில் இடமில்லாமல், தோழி ஒருவரின் வீட்டு நிலவறையில் இருந்த தறியில் நெய்தார். நூல் வாங்க வசதியில்லை. துறைமுகங்களில் கழித்துப் போட்ட கயிறுகளைப் பொறுக்கி, பிரித்து, துவைத்து, சாயம் ஏற்றினார். அந்தக் கயிற்றில் வந்தவை மனிதர் உள்ளே புகுந்து நிற்கும் அளவுக்குப் பெரிய, கூரையிலிருந்து தொங்கும் உருவங்கள். என்ன பெயரில் சொல்வது என்று தெரியாமல் விமர்சகர்கள் அவர் பெயரையே வைத்து ‘அபகன்’ என்றார்கள். சிறுவயதில் தனியாகச் சுற்றிய காடுதான் அவருக்கு ஊற்று. கழித்துப் போட்ட கயிறு, வெட்டிப் போட்ட பாவு நுனி. தேர்வு நாளில் இந்த ஒரு பெயர் எனக்குத் தெரிந்திருந்தால் நான் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன்.

இவர்களெல்லாம் கலைப்பள்ளியில் படித்தவர்கள், அதனால் கலைஞர்கள் என்று யாராவது சொல்லலாம். சரி, படிக்காதவர்களிடம் போவோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சிற்றூர் ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்டமாக இருந்த இடம். அங்கே அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் அங்கேயே வாழ்கிறார்கள். பலருக்கும் குடும்பப் பெயர் பெட்வே. அது பழைய தோட்ட முதலாளியின் பெயர். பலகை இடுக்கில் குளிர் நுழையும் வீடுகள், அதனால் பெண்கள் கிழிந்த துணிகளைச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். வயலுக்குப் போட்டு நைந்த கால்சட்டை, மாவு வந்த சாக்குத்துணி, எது கிடைத்தாலும். நம் பாட்டிகள் பழம்புடவைகளை அடுக்கி வைத்துத் தைத்த போர்வை போலத்தான், ஆனால் இவர்கள் துண்டுகளை அமைக்கும் விதமே வேறு. நேர்கோடு கொஞ்சம் கோணும். ஒரு பக்கம் சிவப்பு திடீரென்று வரும், அதற்கு மறுபக்கத்தில் பதில் இருக்காது.

மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். 1942-இல் அவர் வேலைக்குப் போட்டிருந்த துணிகளையெல்லாம் எடுத்து ஒரு போர்வை தைத்தார் மிசூரி. அவரை நினைத்துக்கொள்ளவும் அன்போடு போர்த்திக்கொள்ளவும்தான் அம்மா அதைத் தைத்தாள் என்று மகள் பின்னாளில் சொன்னார். முழங்கால் வைத்துத் தேய்ந்த இடம் வெளிறி இருக்கிறது. பை இருந்த இடத்தில் வெயில் படாத அடர்நீலம் அப்படியே இருக்கிறது. அந்த மனிதர் எப்படிக் குனிந்தார், எப்படி நின்றார் என்பது அந்தத் துணியில் பதிந்திருக்கிறது. இதற்குமேல் ஒரு உருவப்படம் என்ன சொல்லிவிடும் என்று உங்களைக் கேட்கத் தோன்றுகிறது.

1962-இல் அந்த ஊரார் ஆற்றைக் கடந்து போய் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்ற காலத்தில், ஊருக்கு இருந்த படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். திரும்ப வந்தது 2006-இல். இடையில் இந்தப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் ஏறின. நவீன ஓவியங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார்கள். புகழ் வந்தது. பணம் சரியாக வந்து சேர்ந்ததா என்ற கேள்வியும் கூடவே வந்தது. 2007-இல் அந்தப் பெண்களில் மூன்று பேர் தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது முடிவுக்கு வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

இனி நம் பக்கம் வருகிறேன்.

சிற்பி மிருணாளினி முகர்ஜி 1949-இல் பிறந்தார். பெற்றோர் இருவரும் கலைஞர்கள்: பினோத் பிஹாரி முகர்ஜி, லீலா முகர்ஜி. சாந்திநிகேதனின் மரங்களும் டேராடூனின் மலைக்காடும் அவருடைய குழந்தைப்பருவம். சணல் கயிற்றை எடுத்து, சாயம் ஏற்றி, முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டு ஆளைவிட உயரமான உருவங்களைக் கட்டினார். முன்கூட்டி வரைபடம் கிடையாது. கை போன போக்கில் முடிச்சு, முடிச்சு போன போக்கில் உருவம். யட்சி, வனஸ்ரீ, ருத்ரா என்று பெயர்கள். கோயில் சிற்பம், பூவின் உள்மடிப்பு, நாடெங்கும் பயணத்தில் பார்த்த கிராம தெய்வங்கள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. கருவறை வாசலில் நிற்கும்போது ஒரு பயமும் நெருக்கமும் வருமே, அது வரும். அவர் வாழ்ந்த காலத்தில் இதைச் சிற்பம் என்பதா கைவினை என்பதா என்று இங்கே பலரும் தடுமாறினார்கள். 2015-இல் டெல்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி தொடங்கிய சில நாட்களில் இறந்துபோனார். 2019-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி வைத்தது. 2022 வெனிஸ் பைனாலேயிலும் அந்தச் சணல் தெய்வங்கள் நின்றன.

அவர் கையில் நாரைக் கொடுத்தது யார் தெரியுமா? பரோடாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த கே. ஜி. சுப்பிரமணியன். கேரளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய், அதன்பின் சாந்திநிகேதன் போனவர். 1959 முதல் சில ஆண்டுகள் பம்பாயில் அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். அங்கே நெசவாளர்களோடு இருந்து கற்றதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். இந்த மண்ணில் கிடைக்கும் நாரை, மண்ணை, மரத்தை எடுத்து வேலை செய்யுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். ஒரு ஆசிரியர் திறந்த கதவு அது. அதனால்தான் இந்த மடல் அமைச்சருக்குப் போகாமல், கலைக்கூட உரிமையாளர்களுக்குப் போகாமல், உங்களுக்கு வருகிறது.

உங்கள் கல்லூரியின் சொந்த வரலாற்றிலேயே துணி இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் அந்த நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயம் தோய்த்துச் செய்த பாத்திக் துணிகளை விற்ற பணம். இதை வகுப்பில் ஒரு வரியில் சொன்னார்கள், “வயிற்றுப்பாட்டுக்காக பாத்திக் செய்தார்கள், கலைக்காக வரைந்தார்கள்” என்று. எனக்கு அந்தப் பிரிப்பு அப்போதே உறுத்தியது. அதே கை, அதே சாயம், அதே கோடு. மெழுகு வெடித்து அதன் வழியே நிறம் கசிவதைத் தினமும் பார்த்த கண், மறுநாள் கான்வாஸ் முன் உட்காரும்போது அதை மறந்துவிடுமா? அந்த பாத்திக் துணிகளைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வு செய்ய வந்தால் ஊக்கப்படுத்துங்கள். சென்னையில் இன்னொன்றும் நடந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1937-இலேயே கலாக்ஷேத்ராவில் நெசவுப் பிரிவைத் தொடங்கி, ஆட்டத்தையும் தறியையும் ஒரே வளாகத்தில் வைத்தார். நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை.

கேரளத்தின் பாலராமபுரத்துக் கசவு நெசவாளர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார் லட்சுமி மாதவன் என்ற கலைஞர். கசவு முண்டு உடுத்திய பாட்டியின் நினைவிலிருந்து அவருடைய வேலை தொடங்கியது. அந்த பாலராமபுரத்துக்குத் திருவிதாங்கூர் அரசர் காலத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போன சாலியர் என்ற நெசவாளர் சமூகத்தார். இலங்கையின் வடக்கிலிருந்து வினோஜா தர்மலிங்கம் போரையும் இடப்பெயர்வையும் துணியில் தைக்கிறார். மேலிருந்து பார்த்தால் நிலம் எப்படித் தெரியுமோ அப்படி. வயல், வழி, பதுங்கு குழி எல்லாம் நூலில். அருகில் போனால்தான் ஒவ்வொரு தையலும் ஒரு வடு போலத் தெரியும். இலங்கையின் இன்னொரு கலைஞர் ஹேமா ஷிரோனி, ஊர் ஊராக மாற வேண்டிவந்த குடும்பத்தின் வீடுகளைப் பூத்தையலில் செய்கிறார். இவர்கள் நமக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். ஒரு மின்னஞ்சல் தூரத்தில் இருக்கிறார்கள். நம் வகுப்புகளில் இவர்களை அழைத்துப் பேசவைக்க என்ன தடை?

இப்போது என் அப்பாவின் தறிக்கு வருகிறேன். நெசவாளியிடம் யாரும் “உன் இன்ஸ்பிரேஷன் என்ன?” என்று கேட்பதில்லை. கேட்காமலே பதில் இருக்கிறது, புடவையின் பெயர்களில். மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, வைரஊசி, இருதலைப்பட்சி, கொட்டடிக் கட்டம், பாலும் பழமும். வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நிறத்தை வைத்துக் கட்டம் போட்டுப் பார்த்த யாரோ ஒருவருக்கு, கல்யாணத்தில் கொடுக்கும் பாலும் பழமும் ஞாபகம் வந்திருக்கிறது. சதுரத்தையும் நிறத்தையும் மட்டும் வைத்து ஒரு நாளின் இனிப்பைச் சொல்லியிருக்கிறார். இதே காரியத்தை ஐரோப்பிய ஓவியர் ஒருவர் செய்தால் நாம் ஒரு மாதம் பாடம் நடத்துகிறோம்.

கோர்வை என்ற முறையைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஓடும் ஊடை இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று, கை நான்கு. நெய்பவர் ஒரு பக்கம், கரைநாடா போட மறுபக்கம் ஒரு ஆள். பள்ளி விட்டு வந்ததும் அந்த ஆள் நான்தான். அப்பா வாயைத் திறந்து சொல்லமாட்டார். மிதிக்கும் சத்தத்தை வைத்தே எப்போது போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தாளம், இடைவெளி, இரண்டு நிறங்களுக்கு நடுவில் உள்ள எல்லை என்று பிற்பாடு வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் நான் முதலில் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

தறியை நான் அலங்காரமாக்கிச் சொல்லவில்லை. அப்பாவுக்கு முட்டி போய்விட்டது. என்னைத் தறியில் உட்காரவைக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கூலியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த மடல் வேறு மடலாகிவிடும். நெய்கிற எல்லோரையும் கலைஞர் என்று அழைத்து மாலை போட்டால் அவர்கள் கஷ்டம் தீராது என்பதும் தெரியும். நான் கேட்பது உங்கள் கையில் இருக்கும் சில காரியங்களை மட்டும்.

கலை வரலாற்றுப் பாடத்தில் துணிக்கு இடம் கொடுங்கள். ஒரு வகுப்பு போதாது, ஒரு பருவம் முழுக்க வேண்டும். ஓவியப் பிரிவு மாணவரும் துணி வடிவமைப்புப் பிரிவு மாணவரும் ஒரே தறியில் ஒரு மாதமாவது உட்காரட்டும். சென்னையில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, காஞ்சியும் ஆரணியும் திருபுவனமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சுற்றுலாவாகக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துத் திரும்ப வேண்டாம். ஒரு நெசவாளரைச் சிறப்பு ஆசிரியராக அழையுங்கள். வெளியூர் ஓவியர் ஒருவர் வந்தால் என்ன மதிப்பூதியம் கொடுப்பீர்களோ அதையே அவருக்கும் கொடுங்கள், மேடையில் அதே நாற்காலியைப் போடுங்கள். பேசத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பாவு ஓடும்போது அவரிடம் கேள்வி கேட்டுப் பாருங்கள், நிறுத்தமாட்டார்.

அப்புறம் பெயர். மாணவரின் படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் நெய்தவர் பெயர், சாயம் போட்டவர் பெயர், பிணைத்தவர் பெயர் எல்லாம் வர வேண்டும் என்று விதி வையுங்கள். ஜீஸ் பெண்ட் வழக்கை அதற்காகத்தான் சொன்னேன். நூலை எடுத்து வேலை செய்யும் இளம் கலைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். கலைக்கூடங்களும் விரும்பி வாங்குகின்றன. கலைஞர் வடிவம் சொல்ல, ஊரில் நான்கு பேர் மாதக்கணக்கில் நெய்ய, சுவரில் ஒரே ஒரு பெயர் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பழக்கம் கல்லூரியில் திருந்தவில்லை என்றால் வெளியில் திருந்தாது. என் தேர்வுப் படைப்பின் சீட்டிலும் அம்மா பெயர் இல்லை. போடலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது போடுகிறேன்.

கடைசியாக அந்தக் கேள்வி. “உன் இன்ஸ்பிரேஷன் என்ன?” என்று கேட்பதை நிறுத்த வேண்டாம், நல்ல கேள்வி. ஒரு மாணவி “எங்க அம்மா” என்றோ, “எங்க தெரு” என்றோ சொன்னால் அங்கேயே நில்லுங்கள். அம்மா என்ன செய்வார், எந்த விரலால், எவ்வளவு நேரம், எதற்காக என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை பேசத் தொடங்கிவிடும். பிறகு நீங்கள் ஆல்பர்ஸ் பெயரையும் அனாட்சுய் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.

தை பிறந்ததும் எங்கள் வீட்டில் புதுப் பாவு ஏறுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் இழை முறுகிவிடும், அதனால் தாமதமாக வந்தால் பார்க்க முடியாது. அன்றைக்கோ மறுநாளோ அம்மா பிணைக்க உட்காருவார். மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உட்காரப் பாய் இருக்கிறது, சாம்பல் கிண்ணமும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி